முப்பத்தாறு அடிக் குழாய்

அப்பாவின் தண்ணீர் மட்டக் குழாய் முப்பத்தாறு அடி நீளம். இது நிச்சயம், ஏனென்றால் அதை முழுதும் அளந்து, அதிலிருந்து ஏழு அடியை வெட்டியவள் நான்.

வெட்டியது ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு சாப்பிட்ட பிறகு, குசினிக்குப் பின்னால். கத்தி அம்மா மீன் வெட்டும் கத்தி. எனக்கு அப்போது பன்னிரண்டு வயதும் நான்கு மாதங்களும். மற்ற விவரங்களில் சில நிச்சயம், சில இல்லை. நிச்சயமில்லாத இடத்தில் அப்படியென்று சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் எழுதிய கொப்பி இப்போது என்னிடம் இல்லை.

அப்பா மேசன். சண்டை நின்று, கொழும்புக்கு வழி திறந்திருந்த அந்தக் காலத்தில் விசுவமடுவில் எல்லோரும் வீடு கட்டினார்கள். கட்ட வசதியில்லாதவர்கள் அத்திவாரமாவது போட்டு வைத்தார்கள். அத்திவாரத்துக்கு மட்டம் பார்க்க அப்பாவிடம் இருந்தது அந்தக் குழாய்தான். பெருவிரல் பருமன், ஊடே பார்க்கக்கூடிய தெளிவான பிளாஸ்ரிக். உள்ளே தண்ணீர், நிறம் தெரிவதற்காக, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை. இரண்டு நுனியிலிருந்தும் ஒரு சாண் உள்ளே, சிவப்புப் பெயின்ரால் ஒரு வளையம். வேலை செய்யும் இடங்களில் குழாய்கள் மாறிப்போகும் என்பதால் அப்பா போட்ட அடையாளம் அது.

ஒரு நுனியை அப்பா பிடிப்பார். மற்ற நுனியை நான் பிடிப்பேன். இடையில் சுவர் வந்துவிட்டால் அப்பாவைத் தெரியாது. என் கையில் இருக்கும் குழாயில் நீலத் தண்ணீர் ஏறும், இறங்கும், பிறகு ஏறும், பிறகு கொஞ்சம் இறங்கும். கடைசியில் மூச்சு விட்டதுபோல ஓரிடத்தில் நிற்கும்.

"நிண்டுட்டுதோ?" என்று சுவருக்கு அப்பாலிருந்து அப்பாவின் குரல் வரும்.

"நிண்டுட்டுது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பென்சிலால் கோடு போடுவோம். என் கோடும் நான் பார்க்க முடியாத அப்பாவின் கோடும் ஒரே உயரத்தில் இருக்கும். அது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அந்த வயதில் நான் கண்ட கனவுகள் பலவற்றில் நீலத் தண்ணீர் வந்தது.

ஆனால் குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருக்கக்கூடாது. ஒரு புளியங்கொட்டை அளவு குமிழ் நின்றாலும் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருக்கும். நின்றாலும் பொய்யான இடத்தில் நிற்கும். அதனால் அப்பா முதலில் குழாயைத் தூக்கி, சரித்து, பெருவிரலால் தட்டித் தட்டிக் குமிழை நுனிவரை ஓட்டிக்கொண்டு போவார். ஆட்டுக்குட்டியைப் பட்டிக்கு ஓட்டுவதுபோலப் பொறுமையாக ஓட்டுவார்.

இனி மாமா. அவர் அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டோடு இருந்தார். சந்தியில் பற்றறி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். கனடாவில் இருந்த பெரிய மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது: தம்பியை அனுப்புங்கள், மற்றதெல்லாம் நான் பார்க்கிறேன். அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார்.

"வழி திறந்து கிடக்கேக்கை போகச் சொல்லு," என்று அம்மாவிடம் சொன்னார்.

மாமா கொழும்புக்குப் போனார். பதினொரு நாளில் திரும்பி வந்தார். பயணத்துக்கான அலுவல் எதுவும் பார்க்கவில்லை. பஸ்ஸின் கூரையிலிருந்து ஒரு கொம்பியூட்டரை இறக்கினார். அன்றிலிருந்து அப்பா மாமாவோடு நேரே கதைக்கவில்லை. கதைக்க வேண்டியதை என்னிடம் சொல்லுவார்; மாமாவும் பதிலை என்னிடமே சொல்லுவார். இரண்டு பேரும் ஒரே பாயில் இருந்து சாப்பிடும்போதும் இதுதான் ஒழுங்கு.

"உன்ர மாமாட்டச் சொல்லு, சைக்கிளை மழையிலை விட்டிருக்கிறார் எண்டு."

"கொப்பாட்டச் சொல்லு, அது என்ர சைக்கிள் இல்லை, அவற்ற சைக்கிள் எண்டு."

நான் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஒருமுறை அப்பா "கழுதை" என்றார். அதையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா யோசித்துவிட்டு, "கிடைச்சுது எண்டு சொல்லு," என்றார்.

அப்பாவுக்கு மாமாவைப் பிடிக்காது என்று நான் முடிவுசெய்தேன். காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் பூச்சுப் பூசி முடித்த அறை ஒன்றே ஒன்றுதான். அந்த முன் அறையை மாமாவின் கொம்பியூட்டர் பிடித்துக்கொண்டது.

பஸ்ஸின் கூரையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் வந்ததில் கொம்பியூட்டரின் தகரப் பெட்டி ஒரு பக்கம் நசிந்திருந்தது. உள்ளே ஒன்றும் உடையவில்லை. ஆனால் அதற்கு இரண்டு எதிரிகள் காத்திருந்தார்கள். ஒன்று தகரக் கூரையின் வெக்கை. மற்றது வீதியின் புழுதி. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் புழுதி சாப்பாட்டுக் கோப்பைக்குள்ளும் வரும். கொம்பியூட்டரின் காற்றாடி அந்தப் புழுதியை உள்ளே இழுத்துத் தன் மேலேயே அப்பிக்கொள்ளும். வெக்கை ஏறி, எழுபத்தைந்து பாகை ஆனதும் கொம்பியூட்டர் தானாகவே நின்றுவிடும்.

"காத்தாலை ஏலாதெண்டால் தண்ணியாலை," என்றார் மாமா.

புழுதி புகமுடியாத பெட்டி ஒன்றைத் தானே செய்தார். வேப்பம் பலகை. முன்பக்கத்துக்கு உடைந்த அலுமாரியின் கண்ணாடிக் கதவு. விளிம்பைச் சுற்றி சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினார். சூடாகும் பாகத்தின் மேல் வைக்க, நெருப்புப்பெட்டி அளவில், உள்ளே தண்ணீர் ஓடக்கூடிய ஒரு செப்புப் பெட்டி. அதைத் தட்டி ஒட்டிக் கொடுத்தவர் தர்மபுரத்தில் ஒரு நகைத் தொழிலாளி. தண்ணீரைத் தள்ள மீன்தொட்டி மோட்டார். தண்ணீர் வந்து நிற்க ஒரு ஜாம் போத்தல். சூட்டை வெளியே விட, பழைய ஜப்பான் வான் ஒன்றிலிருந்து கழற்றிய சிறிய ரேடியேற்றர். அது குளிர் நாட்டில் வானுக்குள் இருப்பவர்களைச் சூடாக்கப் பூட்டியதாம். வன்னியில் அதைத் தேடி வந்த முதல் ஆள் மாமாதான் என்று பழைய இரும்புக் கடைக்காரர் சொன்னாராம். பெட்டியின் முதுகில் அதைப் பூட்டி, முதுகை யன்னலோரமாக வைத்தார். சோளகக் காற்று அதனூடாகப் போகும். புழுதி வெளியிலேயே நிற்கும்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. திரையின் மூலையில் தெரியும் சூட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொப்பியில் எழுதுவது. நேரம் ஒரு பக்கம், பாகை ஒரு பக்கம். பின்னாளில் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

"எஞ்சினியர், இப்ப எவ்வளவு?" என்பார் மாமா.

"எழுபத்திரண்டு."

"உண்மையைத்தானே எழுதுறீர்? எனக்காகக் குறைச்சு எழுதக்கூடாது."

கிளிநொச்சியில் வீடியோக் கடை வைத்திருந்த ஒருவர் மாமாவுக்கு ஒரு வேலை கொடுத்தார். கலியாண வீடியோ ஒன்றைக் கொம்பியூட்டரில் ஏற்றிச் சீடியாக மாற்றவேண்டும். முல்லைத்தீவுக் கரையில் கோயில் கலியாணம். எங்கள் ஆட்கள் ஆடி மாதத்தில் கலியாணம் செய்யமாட்டார்கள், கரையில் இருந்த கிறிஸ்தவ வேதக்காரருக்கு அந்த விலக்கு இல்லை. மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஞாயிறு விடிய வெளிநாட்டுக்கென்று கொழும்புக்குப் போகிறார்கள். கடைக்காரர் சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் சந்திக்கு வருவார், அப்போது சீடி அவர் கையில் கிடைக்கவேண்டும். கொடுத்தால், இனி அந்தக் கடையின் வேலை முழுதும் மாமாவுக்கு.

கொடுக்காவிட்டால் என்ன என்பதை அம்மா தீர்த்து வைத்தா. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில், இரண்டு பேருக்கும் பொதுவாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "இந்த வேலை சரிவந்தா அவன் இஞ்சை இருக்கட்டும். சரிவராட்டில் கனடாவுக்குப் போகட்டும். இதுக்குப் பிறகு ஒருத்தரும் இதைப்பற்றிக் கதைக்கக்கூடாது."

"சனிக்கிழமை ஐஞ்சு மணி மட்டும் பாப்பம் எண்டு சொல்லு," என்றார் அப்பா என்னிடம்.

"ஓமெண்டு சொல்லு," என்றார் மாமா.

மாமா போகக்கூடாது என்று அந்தச் சோற்றின் முன்னாலேயே முடிவுசெய்தேன். மாமா போய்விட்டால் எங்கள் வீட்டில் சிரிப்பதற்கு ஆள் இல்லை. என்னை "நீர்" என்று கூப்பிடவும் ஆள் இல்லை. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். எனக்கு நினைவில் இருப்பவை இந்த இரண்டும்தான்.

புதன்கிழமை, பெட்டிக்குள் தண்ணீர் ஓடுவதற்காக வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வரவேண்டிய குழாய் வந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய், கை பருமன். மாமா அதைச் செப்புப் பெட்டியின் வாயில் வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். ஏழு அடி என்றார். வியாழக்கிழமை நான் வெட்டினேன்.

மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்பு வளையத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"கொப்பா தந்தவரோ?"

"ஓம்."

"கேட்டுத் தந்தவரோ, கேளாமல் தந்தவரோ?"

"கேளாமல்."

மாமாவின் முகம் மாறிய விதம் எனக்கு இப்போதும் தெரிகிறது. நான் அதுவரை சொன்ன பொய்களில் அவ்வளவு சந்தோசத்தைக் கொடுத்த பொய் வேறு இல்லை. சிவப்பு வளையம் கண்ணாடிக்கு நேரே, எல்லோருக்கும் தெரியும்படி வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்து அவர் குழாயைப் பூட்டினார்.

அப்பாவின் குழாயில் வெட்டிய நுனிக்குச் சாண் உள்ளே, அயல் வீட்டு அக்காவின் நகப்பூச்சால் நான் புது வளையம் போட்டேன். அது பழைய வளையத்தைவிட மினுங்கியது. மண்ணைத் தேய்த்துப் பார்த்தேன். மண்ணோடும் மினுங்கியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா என்னைப் பக்கத்து ஒழுங்கையில் ஓர் அத்திவாரத்துக்கு மட்டம் பிடிக்கக் கூட்டிப்போனார். மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குழாய் எட்டவில்லை. இழுத்துப் பார்த்தார். நான் என் நுனியோடு இரண்டு அடி முன்னுக்குப் போனேன், அப்படிச் செய்தால் எட்டிவிடும் என்பதுபோல. அப்பா குழாயைச் சுருட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார். நுனியைக் கையில் எடுத்தார். வளையத்தை நகத்தால் சுரண்டினார்.

"சில சாதிக் குழாய் வெயிலுக்குச் சுருங்கும் போலை கிடக்கு," என்றார்.

"ஓமப்பா," என்றேன்.

நடுவில் ஒரு தடியை நட்டு, இரண்டு தரமாக மட்டம் எடுத்தோம். அப்பா நம்பிவிட்டார் என்று எனக்குப் பெரிய ஆறுதல். மேசனாக இருந்தும் தன் குழாயைப்பற்றி இவ்வளவும் தெரியாமல் இருக்கிறாரே என்று கொஞ்சம் கவலைகூடப் பட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு மாமா வேலையைத் தொடங்கினார். எங்கள் ஊருக்கு அப்போது மின்சாரம் இல்லை. ஜெனரேற்றர் அரிசி ஆலைக்காரருடையது, மாமா அவ்வப்போது இரவல் வாங்குவது. பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். வேலைக்கு நாலரை மணித்தியாலம் வேண்டும். போத்தலில் மாமா ஊற்றியது பற்றறிக்கு விடும் சுத்தமான தண்ணீர், அதோடு எனக்காக ஒரு சிட்டிகை நீலம். மோட்டார் சுழன்றதும் நீலம் கண்ணாடிக்குப் பின்னால் ஊர்ந்து, செப்புப் பெட்டிக்குள் மறைந்து, மறுபக்கத்தால் வந்து, வளையத்தைக் கடந்து போனது. அறையின் வெள்ளைச் சுவரில் நீல நிழல் ஆடியது. குளத்தின் அடியில் வீடு கட்டி இருப்பவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

திரையின் நடுவில், வேலை நடக்க நடக்க, கலியாணப் படம் ஒவ்வொன்றாக நகர்ந்தது. வீடியோவில் ஓடுவதுபோல அல்ல. ஒரு படம், கொஞ்சம் பொறுத்து அடுத்த படம். பொம்பிளை காரிலிருந்து இறங்கினா. கடல்காற்று அவவின் தலையிலிருந்த வெள்ளை வலைத்துணியைத் தூக்கியது. துணி மேலே போய்க்கொண்டே இருந்தது, கீழே வர மனமில்லாததுபோல. அவ கோயில் படியடிக்கு வந்து ஒரு காலைத் தூக்கினா. அந்த இடத்தில் எல்லாம் கறுத்துப்போனது. நேரம் எட்டுப் பதினாலு. கடைசியாக நான் எழுதியது எழுபத்து நான்கு.

ஆறவிட்டு, ஒன்பது ஐந்துக்கு மறுபடி முதலிலிருந்து. பொம்பிளை காரிலிருந்து இறங்கினா. துணி பறந்தது. காலைத் தூக்கினா. கறுத்துப்போனது. பத்து நாற்பதுக்கு மூன்றாம் தரம். படியை அவ தொடவில்லை. அவ உள்ளே போகாவிட்டால் அந்தக் கலியாணம் நடந்ததாகாது, அவ எங்கள் முன் அறையிலேயே ஒற்றைக் காலில் நிற்கவேண்டியதுதான் என்று எனக்குப் பயம் வந்தது.

"நீர் எழுதினதைக் காட்டும்," என்றார் மாமா. மூன்று பக்கங்களையும் பார்த்தார். பிறகு அலுமாரியின் மேலிருந்து பெரிய மாமாவின் கடிதத்தை எடுத்து, விலாசத்தைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பினார். குசினியில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. அன்றைய கறிக்கு அவ்வளவு வெங்காயம் தேவையில்லை.

பதினொன்று நாற்பதுக்கு அப்பா சாப்பிட வந்தார். கால் கழுவினார். கொம்பியூட்டர் வந்த நாளிலிருந்து முன் அறைக்குள் கால் வைக்காதவர், அறை வாசலில் வந்து நின்றார். மாமா தண்ணீர் மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்து, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நீலத் தண்ணீர் குழாயில் நடுங்கி நடுங்கிப் போனது.

"காத்து," என்றார் அப்பா மெதுவாக. ஒருவருக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

மாமா நிமிர்ந்தார். அப்பாவைக் கண்டதும் எழுந்து நின்றார். பிறகு என்னைப் பார்த்து, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"கொப்பாட்டச் சொல்லு. வேலை சரிவந்தாலும் சரிவராட்டிலும், கேளாமலே குழாயைத் தந்தவர், அதை மறக்கமாட்டன் எண்டு சொல்லு."

இதுவரை எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். சீமெந்து நிலம் காலுக்குக் குளிர்ந்தது.

"சொல்லு பிள்ளை," என்றார் அப்பா.

சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது நிச்சயமில்லை.

அப்பா உள்ளே வந்தார். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குனிந்தார். சிவப்பு வளையம் அவருடைய முகத்துக்கு நேரே இருந்தது. அதன் மேல் பெருவிரலை வைத்தார்.

"தேவைக்குக் கூடக் கிடந்தது எண்டு சொல்லு," என்றார்.

அதன் பிறகு அவர் எழும்பவில்லை. விரல் வளையத்தின் மேலேயே இருந்தது. விரலுக்கு இரண்டு பக்கமும் நீலத் தண்ணீர் நடுங்கியது. மோட்டார் முனகியது. குசினியில் கத்திச் சத்தம் நின்றுவிட்டது. என்னை என்ன செய்வது என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். பூவரசங் கம்பா, அல்லது ஒரு கிழமை கதைக்காமல் இருப்பதா. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். நாற்பது வரை எண்ணினேன் என்பது நிச்சயம். அதற்கு மேல் எண்ணினேனா என்பது நிச்சயமில்லை.

"அந்தச் செப்புப் பெட்டிக்குள்ளை காத்து நிக்குது எண்டு சொல்லு," என்றார் கடைசியில்.

"தண்ணி நிரம்பித்தான் கிடக்கு எண்டு சொல்லு. நான் பாத்தனான்."

"போத்தல் நிரம்பிக் கிடக்கு. பெட்டிக்குள்ளை அவர் எங்கை பாத்தவர்? தூக்கச் சொல்லு."

வேப்பம் பலகையும் தண்ணீரும் சேர்ந்து ஓராளால் தூக்க முடியாத பாரம். மாமா ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் அப்பா பிடித்தார். நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "இந்தப் பக்கம்" என்றும் "கொஞ்சம் சரிச்சு" என்றும் அப்பா சொன்னவை யாருக்குச் சொன்னவை என்பதை ஒருவரும் கேட்கவில்லை. பெட்டி படகைப்போல ஒரு பக்கம் சரிந்தது. அப்பா ஒரு முழங்காலால் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, கையை உள்ளே விட்டுச் செப்புப் பெட்டியைத் தட்டினார்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு குமிழ் எட்டிப் பார்த்தது. புளியங்கொட்டை அளவு அல்ல, ஒரு முழுப் புளியம்பழத்தின் நீளம். குழாயின் வளைவில் நின்று யோசித்தது. அப்பாவின் பெருவிரல் அதன் பின்னால் தட்டியது. குமிழ் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. அதற்குள் யன்னலின் வெளிச்சம் சிறிதாகத் தெரிந்தது. சிவப்பு வளையத்துக்குக் கீழே வந்தபோது கொஞ்சம் சிவந்தது. பிறகு போத்தலுக்குள் ஏறி, மேலே வந்து, ஒன்றும் இல்லாமல் போனது. அதன் பின்னால் சிறியவை ஏழோ எட்டோ வந்தன. மோட்டாரின் முனகல் நின்றது. காது கொடுத்தால்தான் கேட்கும் என்ற அளவுக்கு ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது.

"இப்ப போடச் சொல்லு," என்றார் அப்பா. வாசலில் திரும்பி, "இந்தக் குழாய் வெயிலுக்குச் சுருங்குற சாதி. நிழலிலை வைக்கச் சொல்லு," என்றார். என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் வெள்ளிக்கிழமையே நம்பவில்லை என்று. அவ்வளவுதான் விளங்கியது.

பன்னிரண்டு பத்துக்குத் தொடங்கியது. பன்னிரண்டு இருபதுக்கு ஐம்பத்தொன்று. ஒரு மணிக்கு ஐம்பத்து நான்கு. அதற்கு மேல் போகவில்லை. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினேன். பொம்பிளை படியில் கால் வைத்தா. மற்றக் காலையும் வைத்தா. உள்ளே போனா. துணியும் அவவுக்குப் பின்னால், அவசரமில்லாமல், உள்ளே போனது. நான் அழுதேன் என்று மாமா பிற்காலத்தில் சொன்னார். எனக்கு அது நினைவில் இல்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்குச் சீடி வெளியே வந்தது. அரிசி ஆலைக்காரர் வாசல் படலையடியில் சிறிய உழவு இயந்திரத்தில் வந்து நின்று, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார். சந்திக்குப் போக மாமா சைக்கிளை எடுத்தார், அப்பாவின் சைக்கிளை. அம்மா கடிதத்தை எடுத்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தா.

மாமா போகவில்லை. அந்த முன் அறையில் ஐந்து வருடத்துக்கு மேல் நீலத் தண்ணீர் ஓடியது. அதற்கிடையில் வழி மூடி, சண்டை திரும்பத் தொடங்கியது. நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று அப்பா பெட்டியைத் திறந்து, தண்ணீரை ஜாம் போத்தலில் வடித்து, குழாயைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பெட்டி அங்கேயே இருந்தது. அதற்குப் பிந்திய மாதங்களைப்பற்றி நான் எழுதுவதில்லை. இரண்டு விவரங்கள் மட்டும் இங்கே தேவை. காலில் காயப்பட்ட அம்மாவைக் கடைசிவரை தோளில் தூக்கி வந்தவர் மாமா. மாமாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

முகாமில் ஒரு பகல், கூடாரத்துக்குள் மாமா சாப்பாட்டுக் கோப்பையை அந்தக் கையால் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார். அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு அந்தக் குமிழை நான் அப்பிடியே விட்டிருக்கவேணும், மச்சான்," என்றார். என்னிடம் சொல்லவில்லை. நேரே சொன்னார்.

"விட்டிருந்தால் அக்காவை ஆர் தூக்கியிருப்பினம், அத்தான்?" என்றார் மாமா. கோப்பையை மெல்ல நிலத்தில் வைத்தார். கவிழவில்லை.

அப்பா இப்போது இல்லை. மாமா விசுவமடுவில் போன் திருத்துகிறார். எட்டு விரல் போதும் என்கிறார். போன மாதம் கிளிநொச்சியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கொம்பியூட்டர், நிறம் மாறும் விளக்குகள், வளைத்து வளைத்துப் பூட்டிய குழாய்களில் தண்ணீர். ஒரு வளைவில் சிறிய குமிழ் ஒன்று நின்றது. கடைக்காரத் தம்பியிடம் காட்டினேன். "அது ஒண்டும் செய்யாது அக்கா, ஓட ஓடத் தானாய்ப் போயிடும்," என்றார். சரி என்றேன். ஆனால் என் பெருவிரல் கண்ணாடியில் இருந்தது. அதை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தபோதுதான் நேரங்களை ஒழுங்காக வைத்துப் பார்த்தேன். வாசலில் நின்றபோதே அப்பா "காத்து" என்று சொல்லிவிட்டார். காற்று எங்கே நிற்கும், அதை எப்படி வெளியே ஓட்டுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தேடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. என்னை அடிப்பதைப்பற்றி யோசிக்க நாற்பது எண்ணும் நேரம் வேண்டியதும் இல்லை. என்னை அவர் வெள்ளிக்கிழமையே விட்டுவிட்டார். குமிழை அப்படியே விட்டுத் திரும்பிச் சோறு சாப்பிடப் போயிருந்தால் ஐந்து மணி ஆகியிருக்கும், மாமா கனடாவுக்குப் போயிருப்பார், வழி திறந்து கிடக்கும்போதே.

அவருக்கு முன்னால் நீலத் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. அது நிற்கட்டும் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.